அந்தோனியார் எடுத்துக்கொண்ட மெழுகு

அத்தான் இறந்த மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்திருந்தது. அக்காவின் கணவர், அதனால் எனக்கு அத்தான். நம் கடற்கரையில் முதன்முதலாக அலைச்சறுக்குப் பலகை செய்தவர், முன்னோடி, கடலை அறிந்தவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் படத்தில் மனிதர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத ஒரு படத்தை எங்கே தேடிப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு யாரோ இறந்ததுபோல இருந்தது.

மெழுகைப் பற்றி பேப்பரில் ஒரு வரிகூட இல்லை. அது தெரிந்தவர்கள் நான்கு பேர். அப்பா போய்ப் பல காலமாகிறது, இப்போது அத்தானும் போய்விட்டார். அக்கா சொல்லமாட்டாள். மிச்சம் நான்தான். கடற்கரையில் பிறந்து, கல்யாணமாகிக் குழித்துறைப் பக்கம் போய், இப்போது முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பாதிப்பேர் நிலைமையும் அதுதான் என்பது எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால் 'அப்படியா ஆன்ட்டி' என்று கேட்டுக்கொண்டே போனைப் பார்க்கிறார்கள்.

மெழுகு விஷயம் நடந்த அந்த வருஷத்து ஆனியும் ஆடியும் எப்படி இருந்தன என்று உங்களுக்கும் நினைவிருக்கலாம். கட்டுமரத்துக்கு மோட்டார் வராத காலம். அலை எங்கள் தெருவின் கடைசி வீட்டு முற்றம்வரை ஏறி வந்து ஈரப்படுத்திவிட்டுப் போகும். உப்புக்காற்றில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, அம்மா தீக்குச்சிகளை அடுப்புத் திட்டில் சூடாக்கி வைத்திருப்பாள். அந்தக் கடலிலும் கட்டுமரங்கள் போகத்தான் செய்தன. மீனும் அப்போதுதான் குவியும். போகும்போது அலையைத் தாண்டுவது ஒரு கண்டம். திரும்பி வரும்போது தாண்டுவது அதைவிடப் பெரிய கண்டம். எங்கள் ஊரில் இறந்தவர்களில் பலர் ஆழ்கடலில் சாகவில்லை. கரையை, கரையில் நிற்கிற பெண்டாட்டியை, பிள்ளையை எல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே அலையடியில் மரம் கவிழ்ந்து செத்தார்கள்.

எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் போனார். அப்பா அப்போது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. கரையில் மீன் ஏலம் கூறுகிற வேலைக்கு வந்துவிட்டார். அவர் குரல் பெரிய குரல், கோயில் மணிக்குப் போட்டி என்று ஊரில் கேலி செய்வார்கள். ஆனால் அலை நனைக்கிற மணலில் அவர் கால் வைக்கமாட்டார். காய்ந்த மணலில் நின்றுகொண்டே மீனைத் தன்னிடம் கொண்டுவரச் சொல்லி ஏலம் போடுவார். வியாபாரிகள் அதைக் கௌரவம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடற்கரையில் எங்கள் அந்தோனியார் குருசடி இருந்தது. ஒரு கற்குருசு, அதன் கீழே சொரூபம் வைத்த சின்னக் கூடு, முன்னால் மெழுகுதிரி கொளுத்த ஒரு கல்மேடை. மரங்கள் கடலில் இருக்கும்போது பெண்கள் வந்து திரி கொளுத்திவிட்டுப் போவார்கள். அந்த மேடையில் வருஷக்கணக்கான மெழுகு உருகி, மணலும் புகையும் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் அதைக் கிள்ளி உருட்டி விளையாடுவோம், கோயில்பிள்ளை விரட்டுவார். கோயிலில் மணியடித்து, விளக்குப் பார்த்து, எங்களையும் அதட்டுகிற ஆள் அவர்.

அந்த ஆனியில் ஒருநாள் காலை மேடை சுத்தமாக இருந்தது. பழைய மெழுகு, புது மெழுகு, ஒன்றும் இல்லை. கல் தெரிந்தது. மறுநாளும் அப்படியே. முந்தின மாலை கொளுத்திய திரிகளின் மெழுகு ஒரு பொட்டு இல்லை. பெண்கள் முதலில் கோயில்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் வேலை செய்யவில்லை என்பதை எல்லாரும் உடனே நம்பினார்கள். பிறகு யாரோ ஒருத்தி, "நம்ம திரிய அந்தோனியார் முழுசா எடுத்துட்டாரு" என்று சொன்னாள். அது போதுமாக இருந்தது.

அப்புறம் பார்க்கவேண்டுமே. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் திரி வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்தது. மண்டைக்காட்டுப் பக்கமிருந்து பொட்டு வைத்த அம்மாமார்கள் பஸ் ஏறி வந்து கொளுத்தினார்கள். குழந்தை இல்லாதவர்கள், மகன் கடிதம் போடாதவர்கள், மாடு தொலைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். காலையில் மெழுகு இல்லை என்றால் வேண்டுதல் ஏற்றாயிற்று என்று பொருள். ஒருநாள்கூட மெழுகு மிஞ்சவில்லை என்பதால் எல்லார் வேண்டுதலும் ஏற்றாயிற்று. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசாமல் மிகக் கவனமாகப் பேசினார்.

எனக்கு உண்மை தெரிந்தது தண்ணீர்க் குடத்தால். குடிதண்ணீருக்குக் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி ஊறவிட்டு எடுப்போம், ஞாபகமிருக்கிறதா? முதலில் போகிறவளுக்குத் தெளிந்த தண்ணீர். அதற்காக அம்மா என்னை விடியும் முன்னே உலுக்கி எழுப்பிவிடுவாள். அப்படிப் போன ஒரு காலையில், குருசடியில் ஒருவர் குந்தியிருந்து உடைந்த தேங்காய்ச் சிரட்டையால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கட்டுமரம் செத்துகிற, அதாவது செதுக்கிச் செய்கிற ஆசாரியின் மகன். அந்த ஊரில் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், எங்களுக்கு அவர் முறைப்பையன். பின்னால் அத்தான் ஆகப்போகிறவர். அன்றைக்கு அவர் எனக்கு மெழுகுத் திருடன்.

"இது அந்தோனியாருக்க மெழுகு" என்றேன்.

"அவருட்ட கேட்டுட்டுதான் எடுக்கேன் மக்கா."

"என்ன சொன்னாரு?"

"வேண்டாம்ணு சொல்லல."

சிரித்தார். நான் பயந்து நின்றிருக்க வேண்டும், கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கரையில் ஏற்றி அடுக்கியிருந்த மரங்களுக்குப் பின்னால், தென்னோலையின் அடியில், ஒரு பலகை கிடந்தது. ஆள் நீளம். ஒரு முனை மீன் மூக்குப்போல மேலே வளைந்திருந்தது. கோவளத்தில் கொஞ்சநாள் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு வெள்ளைக்காரன் அலைமேல் நின்றுகொண்டு வந்ததைப் பார்த்தாராம். பலகையைத் தொட்டுப் பார்க்க அவன் விடவில்லை. அதனால் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து, கட்டுமரத்துக்கு வாங்கிய மட்டி மரத்தில் மிச்சமிருந்த ஒரு தடியைச் செத்தி, திருக்கை மீன் தோலால் தேய்த்துத் தேய்த்து மழுக்கியிருந்தார். மரவேலை தெரிந்த ஆள் அல்லவா, தண்ணீர் குடிக்காமலிருக்க வள்ளத்துக்குப் பூசுவதுபோல நல்ல சுறா எண்ணெயை அதற்கும் பூசிவிட்டார். பிறகு எப்படி நிற்பது? ஏறின வேகத்தில் வழுக்கி விழுந்து தாடை கிழிந்ததுதான் மிச்சம். எண்ணெயையெல்லாம் தேய்த்தெடுத்து, எதெதையோ பூசிப் பார்த்து, கடைசியில்தான் மெழுகைக் கண்டுபிடித்தார்.

"மெழுகு தேச்சா காலு புடிச்சு நிக்கும். நிறைய வேணும் மக்கா, தண்ணியில தேஞ்சு போவும்" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடி அக்காவிடம் சொன்னேன். உலகமே தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும் என்ற பெருமை. அக்கா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சிரட்டையாலயா சுரண்டுதாரு? கையில கீறாதா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தோனியார் பேரில் இவ்வளவு பெரிய திருட்டு நடக்கிறது, இவள் கையைப் பற்றிக் கேட்கிறாளே என்று. அந்தக் கேள்வி எதற்கென்று புரிய எனக்கு இன்னும் சில வருஷமும் சொந்தமாக ஒரு கல்யாணமும் தேவைப்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் கேட்டு மஸ்கட் மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விடுப்பில் வந்தவர், திரும்பிப் போவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அவர் வந்து போன நாளிலிருந்து அப்பா ஏலம் போடும்போதே சிரித்தார். அம்மாதான் தயங்கினாள். பிள்ளைக்கு மனசில் வேறு எதுவோ இருக்கிறது என்று சாடையாகச் சொன்னாள். அப்பாவுக்குச் சாடை தெரியாமலில்லை. மரமாசாரியின் மகன் ஊரில் எந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பது மீன் வாங்க வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

"செரி. அந்தோனியாரே முடிவு பண்ணட்டு" என்றார் அப்பா. "இண்ணைக்கு நான் ஒரு திரி கொளுத்துதேன். காலம்பற மெழுகு ஒரு பொட்டு மிஞ்சுனா இந்தச் சம்பந்தம் வேண்டாம். அவரு முழுசா எடுத்தாருண்ணா ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது."

அம்மா ஒப்புக்கொண்டாள். அந்தோனியார் சொன்னால் அவளுக்கும் மறுவார்த்தை கிடையாது. நான் அக்காவைப் பார்த்தேன். அந்தோனியார் ஒருநாளும் மெழுகை மிச்சம் வைத்ததில்லை. அதாவது, அத்தான் மிச்சம் வைத்ததில்லை. தனக்கு வரவேண்டிய பெண்ணைத் தன் கையாலேயே சுரண்டி மஸ்கட்டுக்கு அனுப்பப் போகிறார், அது அவருக்கே தெரியாது.

அப்பா சாயங்கால ஜெபம் முடிந்ததும் போய், மேடையின் நடுவில், தடித்த திரியாக ஒன்று கொளுத்திவிட்டு வந்தார்.

மறுநாள் அம்மா எழுப்பும் முன்பே அக்கா என்னை எழுப்பினாள். இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். அத்தான் அப்போதுதான் சிரட்டையோடு குந்துகிறார்.

"இண்ணைக்கு எடுக்காதீய" என்றாள் அக்கா. அவரிடம் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன்?"

அக்கா சொன்னாள். நின்று நிதானமாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அத்தான் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை. பிறகு, "மத்தவியளுக்க மெழுகை எடுக்கலாமா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அவருக்குப் பலகை.

"ஒண்ணும் எடுக்கப்படாது. எல்லாம் அப்படியே கெடக்கட்டு."

அதற்குள் மணலில் ஆள் வருகிற சத்தம். நாங்கள் மூவரும் மர அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினோம். அப்பாதான். தோர்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குருசு வரைந்துகொண்டு மேடைக்குப் போனார். வெளிச்சம் வந்துவிட்டது. அவர் திரியின் மெழுகு நடுமேடையில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சுற்றிலும் மற்றவர்களின் மெழுகு.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்துவிட்டது, அந்தோனியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். சொரூபத்தைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். முட்டுக்குத்தி, மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, தன் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார்.

என் அப்பா. ஏலத்தில் ஒரு மீன் கூடக்குறையப் போகாது என்று பேரெடுத்தவர். வேர்க்க வேர்க்கச் சுரண்டினார். தன்னுடையதை முடித்து எழுந்தவர், மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவருடைய மெழுகு மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? மறுபடி முட்டுக்குத்தி, ஊரார் எல்லாருடைய மெழுகையும் சுரண்ட ஆரம்பித்தார். எல்லாவற்றையும் தோர்த்தில் கொட்டிப் பொதிந்து எழுந்தபிறகு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இப்படியும் அப்படியும் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அத்தான் எழுந்து வெளியே போனார். நாங்கள் பிடித்திழுக்கக்கூட நேரமில்லை.

"மாமா," என்றார் மிகவும் மரியாதையாக, "அந்த மெழுகை எனக்குத் தாறியளா?"

அப்பா திரும்பினார். தோர்த்து மூட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அத்தான் கையில் சிரட்டை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேய்," என்றார் அப்பா. "இத்தன நாளும்…"

"நான்தான் மாமா."

அப்பா மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார், கத்துவார், ஊர் கூடும் என்று நான் நினைத்தேன். அவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"எனக்கு மஸ்கட்டுகாரன்மேல ஒரு கிறுக்கும் இல்லலே. எனக்க மவ இங்க வந்து நிண்ணு திரி கொளுத்தப்படாது. அவ்வளவுதான். எனக்க தம்பி பெண்டாட்டி கொளுத்துனா. திரி எரிஞ்சிட்டு இருக்கும்போதே அவன் போனான். அந்தா, அந்த அலையில. கரைக்கு வாறதுக்கு எவ்வளவு தூரம் இருந்து? நீ சொல்லு. கையெட்டுத தூரம்."

அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். காய்ந்த மணலில் நின்று ஏலம் கூறியதெல்லாம் கௌரவம் இல்லை, பயம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர்மேல் இருந்த பயம் எனக்கு அன்றோடு போய்விட்டது, பாசம்தான் கூடியது.

அத்தான் மர அடுக்குக்கு வந்து ஓலையை விலக்கிப் பலகையை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் மணலில் வைத்தார். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இது என்னலே, ஒத்தத் தடி?"

"எல்லாரும் கடலுக்குப் போறதுக்கு மரம் செத்துதாவ மாமா," என்றார் அத்தான். "இது வாறதுக்கு. அலை நம்மளக் கவுத்தாம, அதுவே கொண்டு வந்து கரையில விடும்."

அப்பா பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தோர்த்தை அவிழ்த்து, உள்ளங்கை நிறைய மெழுகை எடுத்து நீட்டினார்.

"காட்டு."

அத்தான் மெழுகைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அது ஆடிக்கடல், சும்மா இல்லை. பலகையில் கவிழ்ந்து படுத்துக் கையால் துழாவி, ஒவ்வொரு அலையாக முங்கித் தாண்டி அந்தப் பக்கம் போனார். ஒரு பெரிய அலை எழும்பியது. அவர் எழுந்தார், விழுந்தார், பலகை ஒருபக்கம் போனது, ஆள் ஒருபக்கம் போனார். அக்கா மறைவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அப்பா அவளைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். அடுத்த அலையிலும் அத்தான் விழுந்தார். அதற்கடுத்த அலை சித்தப்பாவை எடுத்த இடத்தில் மேலேறி உடைந்தது. அந்த நுரைக்குள்ளிருந்து அத்தான் நின்றபடி வெளியே வந்தார். முழங்காலை மடக்கி, கையை விரித்து, வாயெல்லாம் சிரிப்பாக, கரைவரைக்கும் வந்தார்.

அவர் வந்து இறங்கிய இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில். எப்போது இறங்கினார் என்று நானும் பார்க்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு, விடாமல், கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தோனியாரு எடுக்கல," என்றார் அப்பா. "மஸ்கட்டுகாரனுக்கு வேண்டாம்ணு ஆளு சொல்லி விடு."

அம்மா உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். அன்று ஊரில் மற்ற எல்லார் வேண்டுதலும் வழக்கம்போல ஏற்கப்பட்டிருந்தது. அப்பாவின் திரியை மட்டும் அந்தோனியார் தள்ளிவிட்டார் என்று அப்பாவே போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அந்த வருஷம் அந்தக் குருசடியில் நடந்ததில் பொய்யில்லாத சேதி அது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தோர்த்தில் மெழுகு பொதிந்து மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் அப்பாதான். பிறகு ஃபைபர் வந்தது, நல்ல பலகைகள் வந்தன, வெள்ளைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். அதையெல்லாம் பேப்பரில் எழுதியிருக்கிறார்கள், அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

அத்தான் வீட்டில், கட்டிலில், அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போனார். அடக்கத்தன்று அக்கா அழவில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, அவர் பலகைகளில் ஏறுகிற பிள்ளைகள் எல்லாம் கூடி, அவருக்காகக் கடலில் பூப்போடப் போகிறோம் என்று அக்காவைக் கரைக்கு அழைத்தார்கள். ஆனிக்கடல், அதே இரைச்சல். பிள்ளைகள் அலை தாண்டிப் போய் வட்டமாக மிதந்து பூப்போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அலையில் ஏறி வந்தார்கள். நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன், அக்கா உட்காரவில்லை. பார்க்க வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் நல்ல அலைக்காக வெகுநேரம் கடலிலேயே கிடந்தாள். வெயில் ஏறியது, கூப்பிட்டும் அக்கா அசையவில்லை. கடைசியில் அவளும் நின்றபடி வந்து கரையேறி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா மக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"வந்தாச்சு பாட்டி. நான்தான் கடைசி."

அக்கா அவளுடைய ஈரத் தலையைக் கையால் துடைத்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள்.